துத்தநாகம் எதையும் தொடுவதில்லை

தரமணி, இரவு எட்டே முக்கால்.
குளிரறை மோட்டார் இருமிவிட்டு நிற்கிறது.
ஜெல்லின் மேல் நீல விளக்கைச் சாய்க்கிறேன்.
பத்துப் பள்ளம், பத்துப் பட்டை,
பத்தும் ஒரே மட்டத்தில்,
காலைப் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி.

ஒன்றாவது பின்தங்கியிருக்க வேண்டும்.
புரதம் பிடித்துக்கொண்ட டிஎன்ஏ
தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுபவள் போல
மெல்லத்தான் நகரும்.
மூன்று வாரமாக எவளும் குடம் தூக்கவில்லை.

என் புரதத்துக்கு மூன்று விரல்.
விரல் என்பது பேச்சுக்குத்தான்.
முப்பது அமினோ அமிலம் கோத்த நூல்துண்டு ஒவ்வொன்றும்;
சும்மா விட்டால்
மின்கம்பியில் தொங்கும் பட்டத்து வால்.
இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின்,
நாலு பக்கமும் நின்று
நடுவே ஒரே ஒரு துத்தநாக அயனியைப் பிடிக்கும்போது
நூல் மடங்கும், சுருளும்,
விறைத்து விரலாகும்.
டிஎன்ஏயின் அகன்ற பள்ளத்தில் இறங்கி
மூன்று எழுத்தைத் தடவிப் படிக்கும்.

துத்தநாகம் ஓர் எழுத்தையும் தொடுவதில்லை.
ஆர்ஜினின்தான் கைநீட்டிக் குவானினைத் தொடும்.
துத்தநாகம் உள்ளே, இருட்டில்,
ஒரு நிறம்கூட இல்லாமல்.
அந்த இடத்தில் கோபால்ட்டை வைத்தால்
குழாய் நீலம் பூக்கும், ஆள் இருப்பதைச் சொல்லும்.
இது சொல்லாது.
எடுத்த பிறகுதான் தெரியும்
இருந்தது என்று.

யார் எடுத்தது?

தில்ஷாத் வராந்தாவில் பரோட்டாப் பொட்டலம் பிரித்தபடி
"ஜெல்லை எதுல ஓட்டுற பியூலா?" என்றாள்.
"எப்பவும் ஓட்டுறதுலதான்."
சொல்லி முடித்ததும் எனக்கே காதில் விழுந்தது.

பத்து லிட்டர் கேன். என் கையெழுத்தில் ஸ்டிக்கர்.
ட்ரிஸ், போரேட், இ.டி.டி.ஏ.
உலோகத்தைக் கண்டால்
ஆறு கையாலும் கட்டிக்கொண்டு
போயே போய்விடுகிற இ.டி.டி.ஏ.
விரல்களை ஏற்றியதும் நான்,
விரலெலும்பை உருவியதும் நான்.

மோசஸுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை.
கொதிக்கும் துத்தநாகத் தொட்டியில்
இரும்பை முக்கி எடுக்கிற ஷெட்.
ஒன்பது வருஷம்.
விளக்குக் கம்பம், பாலத்துத் தடுப்பு,
எங்கோ மழை கொட்டுகிற கூரைத் தகரம்,
எல்லாம் அவன் முக்கியது.
பட்டரவாக்கம் ரேஷன் கடை மெஷினுக்கு
அவனைத் தெரியவில்லை.
வலது கட்டைவிரல். மீண்டும் வைக்கவும்.
இடது. மீண்டும் வைக்கவும்.
தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி
ஆள்காட்டி விரல். மீண்டும்.
"வீட்ல வேற யாராச்சும் இருந்தா வரச்சொல்லுப்பா."
சனிக்கிழமை நான் போய் நின்றேன்.
வாரம் முழுக்க கையுறைக்குள் பத்திரமாக இருந்த என் ரேகை
ஒரு நொடியில் படிக்கப்பட்டது.
துவரம்பருப்பு, பாமாயில், இரண்டு கிலோ சர்க்கரை.

இதையும் அதையும் முடிச்சுப்போட
எனக்கு இஷ்டமில்லை.
ஒரே தனிமம், அவ்வளவுதான்.
அதிலும் மோசஸ் திருத்துவான்:
"ரேகையத் தின்னது துத்தநாகம் இல்லடி,
அதுக்கு முன்னாடி கழுவுற ஆசிட்."

கேனைத் தொட்டியில் கவிழ்த்தேன்.
புதுக் கரைசல்: ட்ரிஸ், போரேட், நிறுத்தம்.
துத்தநாக உப்பு,
சிட்டிகை என்றால்கூட அதிகம்.
புது ஜெல். கடைசிப் பறக்கும் ரயில்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலியாகப் போனது.

ஒன்று பத்துக்கு விளக்கைச் சாய்த்தேன்.
ஏழாவது பள்ளத்தில்
ஒரு பட்டை மேலேயே நின்றுவிட்டது.
எட்டாவதில் இன்னும் தடிமனாக.

படமெடுத்து மோசஸுக்கு அனுப்பினேன்.
நைட் ஷிப்ட், டீ நேரம்.
"இதுல என்ன பாக்கணும்?"
"மேல லேட்டா நிக்குதே, அது."
கொஞ்ச நேரம் பதிலில்லை.
அவன் விரலைத் திரை உடனே ஏற்பதில்லை,
இரண்டு மூன்று முறை அழுத்துவான்.
பிறகு வந்தது:
"லேட்டா வந்ததுக்கா இவ்ளோ சந்தோஷம்?
எங்க சூப்பர்வைசர்கிட்ட
கொஞ்சம் சொல்லேன்."